உளி பிடித்த கைக்கு என்ன பங்கு?

மாமல்லபுரம்! பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாறையைக் குடைந்து பாரோர் வியக்கப் படைத்த பட்டினம். 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமென யுனெஸ்கோ ஏற்றது. 2021-22-இல், தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களிலே அயல்நாட்டார் அதிகமாக வந்து கண்டது தாஜ்மகாலை அல்ல, தோழர்களே, மாமல்லையைத்தான். வந்தவர் 1,44,984 பேர்!

வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. விடுதிக்கு வாடகை, வண்டிக்குக் கூலி, இளநீருக்கும் சங்குமணிக்கும் காசு என்று ஊரிலே பணம் புரள்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால், ஊருக்குப் பெயர் தேடித் தந்த உளிக்கு என்ன கிடைக்கிறது?

1957-இல் அங்கே அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கிற்று. இன்று அது கல்லூரி. 2017-இல் மாமல்லபுரக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிட்டிற்று. பெருமை கிடைத்தது, பாதுகாப்பு கிடைத்ததா? கல்லறுக்கும் எந்திரம் கிளப்பும் தூசியிலே சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலிலே படிந்து சிலிக்கோசிஸ் நோய் வந்துவிட்டால், குணமாக்க மருந்தில்லை. வராமல் தடுக்கவோ வழியுண்டு: நீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும், தக்க முகக்கவசமும் காக்கும்.

சிலை விலையிலே செதுக்கியவனுக்கு நியாயமான பங்கு, பட்டறைதோறும் தூசித் தடுப்பு, ஆண்டுதோறும் மார்புச் சோதனை. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள்! கல்லுக்கு உயிர் கொடுப்பவனின் உயிரைக் காக்கச் சங்கமாய்த் திரண்டு கேட்போம்!