நம்பத்தக்கதாக்குதல்

எமது தொழிற்சாலையில் படிவம் நிரப்பத் தெரிந்தவன் என்ற பெயர் எனக்குண்டு. முன்னாள் விரிவுரையாளனிடம் மிஞ்சியது அதுதான். அண்மையில் இத்தாலியச் சகதொழிலாளி ஒருவர், கைத்துப்பாக்கி கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் படிவத்துடன் வந்தார். வார இறுதிகளில் அவர் பண வாகனமொன்றுக்குக் காவல்.

சுவிஸில் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது வேறு, வெளியே கொண்டு திரிவது வேறு. 1999இல் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டத்தின் 27ஆம் பிரிவு பின்னதற்குத் தனி அனுமதி கேட்கிறது. பரீட்சையில் சித்தியடைய வேண்டும். உண்மையான ஆபத்து உண்டென்பதை 'நம்பத்தக்கதாக்க' வேண்டும். அனுமதி ஆகக்கூடியது 5 ஆண்டுகளுக்கே. பிறகு மீண்டும் விண்ணப்பம், மீண்டும் காரணம்.

'கிளவுப்ஹாஃப்ட்' என்ற அந்த ஜெர்மன் சொல்லில் என் பேனா நின்றது. புகலிடச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அகதியிடம் கேட்பதும் இதே சொல்லைத்தான். அவருக்கு முதலாளியின் கடிதம் இருந்தது. அன்று எனக்குக் கடிதம் தர எவருமில்லை.

இன்னொன்றும் உண்டு. அச்சட்டத்தின் கீழான ஒழுங்குவிதியின் 12ஆம் பிரிவு, சில நாட்டவர் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் கொண்டுசெல்வதையும் தடைசெய்கிறது. சில விதிவிலக்குகள் மட்டுமே. அப்பட்டியலில் இலங்கையும் உண்டு.

எனக்குத் துப்பாக்கி வேண்டாம். ஆனால் நாம் விவாதிக்கவேண்டியது இது: ஆபத்திலுள்ளவர் என்பதற்கு ஆளாளாகச் சான்று கேட்கப்படுகிறது, ஆபத்தானவர் என்பதற்கு நாட்டின் பெயரே போதுமாகிறது.