உங்களுக்குத் தெரியுமா? – ஆசாரியின் ஆசைப் பட்டியல்

ஆயுத பூஜை நெருங்கினால் ஹார்டுவேர் கடைகளில் ஒரு கூட்டம் தனியாகத் தெரியும். ஆணியோ தாழ்ப்பாளோ வாங்க வந்தவர்கள் இல்லை. கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று, ‘அதை ஒருதரம் எடுங்க அண்ணே’ என்று மெஷினைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவர்கள். மரவேலை தெரிந்த ஒவ்வொருவரிடமும் வாங்க நினைக்கும் சாமான்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் மேலே மெஷின்கள், கீழே பிளேடு, பிட், கிளாம்ப். பட்டியலைத் தலைகீழாகப் பிடித்து வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

★ பட்டியலில் எப்போதும் இருப்பது டிரில். கையில் பிடித்துத் துளையிடும் முதல் மின்சார டிரில் 1895-ல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில், ஃபைன் நிறுவனத்தில் பிறந்தது. இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டிய கனம். துப்பாக்கி போல ஒரு கையில் பிடித்து விசையை அழுத்தும் வடிவத்துக்கு 1917-ல் காப்புரிமை பெற்றவர்கள் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கூட்டாளிகள். 1910-ல் கம்பெனி தொடங்கப் பணம் போதாமல், டங்கன் பிளாக் தன் காரை 600 டாலருக்கு விற்றார். இன்று மெஷின் வாங்கப் பைக்கை விற்கலாமா என்று யோசிப்பவர்கள் இதை வீட்டில் சொல்லிப் பார்க்கலாம், பலன் நிச்சயமில்லை.

★ கார்ட்லெஸ் டிரில்லை நாசாதான் நிலாப் பயணத்துக்காகக் கண்டுபிடித்தது என்று பலரும் சொல்வார்கள். தவறு. பேட்டரியில் ஓடும் டிரில்லை பிளாக் அண்ட் டெக்கர் 1961-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நிலாவில் மண் மாதிரி எடுக்கும் டிரில்லுக்காக நாசா பிறகுதான் அந்தக் கம்பெனியின் உதவியை நாடியது. 1971-ல் அப்பல்லோ 15 வீரர்கள் அப்படியொரு டிரில்லை நிலாவில் இயக்கினார்கள். மண் இறுகிக் கிடந்ததால் படாத பாடு பட்டார்கள்.

★ கடைக்காரர் ‘இது 18 வோல்ட், அது 20 வோல்ட், அதனால் 500 ரூபாய் கூட’ என்றால் சிரித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் உள்ளே இருப்பது வரிசையாகக் கோத்த ஐந்து லித்தியம் செல்கள். ஒரு செல்லின் சராசரி அளவு 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுதாகச் சார்ஜ் ஏறிய நிமிடத்தில் செல் 4 வோல்ட்டைத் தொடும், ஐந்துக்கு 20. ஒரே பேட்டரியை ஐரோப்பாவில் 18 என்றும் அமெரிக்காவில் ‘20 மேக்ஸ்’ என்றும் அச்சடித்து விற்கும் கம்பெனி உண்டு. வோல்ட்டை விட்டுவிட்டு ஆம்பியர்-ஹவரைப் பாருங்கள். ஒரு சார்ஜில் எவ்வளவு வேலை ஓடும் என்பதை அந்த எண்தான் சொல்லும்.

★ முதல் கார்ட்லெஸ் மெஷினை வாங்கும்போது நீங்கள் வாங்குவது மெஷினை அல்ல, பேட்டரியை. ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொன்றில் மாட்டாது. அடுத்தடுத்து வாங்கும் ஜிக்சா, சாண்டர், ட்ரிம்மர் எல்லாம் பேட்டரி இல்லாத வெறும் உடலாக மலிவாகக் கிடைக்கும் என்பதால் அதே கம்பெனியின் நிறத்திலேயே மாட்டிக்கொள்வோம். இதிலிருந்து தப்ப 2018-ல் மெட்டாபோ என்ற கருவி கம்பெனி வேறு சில கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்டு பொதுப் பேட்டரிக் கூட்டணி ஒன்றை உருவாக்கியது. பெரிய கம்பெனிகள் பலவும் இன்னும் தனித்தனிக் குடித்தனம்தான்.

★ டிவால்ட்டா, ஸ்டான்லியா, பிளாக் அண்ட் டெக்கரா என்று மூன்று கடை ஏறி இறங்குகிறீர்களா? மூன்றுக்கும் முதலாளி ஒருவரே. ஹிட்டாச்சியின் பச்சை மெஷினைத் தேடிக் கிடைக்கவில்லையா? 2018 முதல் அதன் பெயர் ஹைகோக்கி. பாஷ் கம்பெனியில் இன்னொரு விஷயம்: நீல நிறம் தொழில்காரர்களுக்கு, பச்சை நிறம் வீட்டில் எப்போதாவது வேலை செய்பவர்களுக்கு. நாள் முழுக்க ஓட்டப் போகிறவர் விலையைப் பார்த்துப் பச்சையை வாங்கினால் அது உழைக்காது.

★ ஜிக்சா ஒரு தையல் மெஷினின் வாரிசு. சுவிட்சர்லாந்தின் சிண்டிலா கம்பெனியில் பொறியாளராக இருந்த ஆல்பர்ட் காஃப்மன், 1940-களின் நடுவில் மனைவியின் தையல் மெஷினில் ஊசியைக் கழற்றிவிட்டு ஒரு ரம்பப் பிளேடை மாட்டிப் பார்த்தார். மேலும் கீழும் ஓடிய பிளேடு மரத்தை வளைத்து வளைத்து அறுத்தது. 1954-ல் அந்தக் கம்பெனியையே பாஷ் வாங்கியது. தையல் மெஷின் என்ன ஆனது என்று வரலாற்றில் இல்லை. அந்த அம்மாவின் கருத்தும் பதிவாகவில்லை.

★ நம் ஊர் பிளைவுட் வேலையில் அதிகம் ஓடும் அறுப்பு மெஷின் எது? மரத்துக்கென்று செய்யப்படாத ஒன்று: மார்பிள் கட்டர். கல்லுக்கான 4 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மரம் அறுக்கும் கார்பைடு பல் பிளேடை மாட்டினால் தீர்ந்தது. கனம் குறைவு, விலை குறைவு, 18 மில்லிமீட்டர் பலகையை ஒரே ஓட்டத்தில் அறுக்கும். ஆசாரிகள் இதை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கோளாறும் அங்கேதான். மரத்துக்கான 7 அங்குல சர்க்குலர் ரம்பத்தில், கீழ்ப்பகுதிப் பிளேடை மூடும் ஒரு மூடி ஸ்பிரிங்கில் தொங்கும். மெஷினைத் தூக்கிய கணமே அது தானாக வந்து பல்லை மறைத்துவிடும். மார்பிள் கட்டரில் அந்த மூடி கிடையாது. சுவிட்சை விட்ட பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் பல், தொடைக்குப் பக்கத்தில் திறந்தபடி இருக்கும். வேகமும் அதிகம். 7 அங்குல ரம்பம் நிமிடத்துக்கு 5,000-6,000 சுற்று என்றால் இது 12,000-ஐ ஒட்டிச் சுற்றும். பிளேடின் மேல் அச்சடித்திருக்கும் உச்ச வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் பிளேடு வேண்டாம்.

இதைவிட மோசமான ஒரு பழக்கமும் உண்டு. ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடை மாட்டி அறுப்பது. கிரைண்டர் தேய்ப்பதற்காகச் செய்தது. பல் மரத்தில் சிக்கிய மாத்திரத்தில் மெஷின் கையைவிட்டுத் துள்ளும்; எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. யாருடைய பட்டியலில் இருந்தாலும் இதை அடித்துவிடுங்கள்.

★ விரலைத் தொட்டதும் நிற்கும் டேபிள் ரம்பம் இருக்கிறது. அமெரிக்காவில் மட்டும் டேபிள் ரம்பத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 பேர் விரல் இழக்கிறார்கள் என்பது அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு. இயற்பியல் படித்துவிட்டுக் காப்புரிமை வழக்கறிஞராக இருந்த ஸ்டீவ் காஸ், 1999-ல் இதற்கு ஒரு வழி கண்டார். பிளேடில் மிகச் சிறிய மின் சமிக்ஞை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். காய்ந்த மரம் மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தாது. மனித உடல் கடத்தும். தோல் பட்டதும் சமிக்ஞை சரியும். அடுத்த கணம் ஓர் அலுமினியக் கட்டை பிளேடின் பற்களுக்குள் பாய்ந்து அதைப் பூட்டும். பிளேடு மேசைக்குக் கீழே இறங்கிவிடும். எல்லாம் நடந்து முடிய 5 மில்லி விநாடி.

காட்சிகளில் அவர் விரலுக்குப் பதில் ஒரு ஹாட்டாக் சாசேஜைத்தான் பிளேடில் தள்ளிக் காட்டுவார். சாசேஜில் ஒரு கீறலோடு சரி. பிறகு நம்பாதவர்களுக்காகச் சொந்த விரலையே வைத்தும் சோதித்துவிட்டார். பெரிய கம்பெனிகள் இதை வாங்கிக்கொள்ள முன்வரவில்லை. வேறு வழியில்லாமல் சா-ஸ்டாப் என்று தானே ரம்பம் செய்து விற்றார். 2017-ல் ஃபெஸ்டூல் என்ற கருவி கம்பெனியின் தாய் நிறுவனம் அதை வாங்கியது. ஒரு முறை பிரேக் விழுந்தால் அலுமினியக் கட்டை இருக்கும் பெட்டியும் பெரும்பாலும் பிளேடும் போயிற்று. இரண்டையும் புதிதாக வாங்க வேண்டும். ஈரம் காயாத மரமும் பிரேக்கைத் தூண்டிவிடலாம். செலவு என்று முனகுகிறவர்கள் ஆஸ்பத்திரி பில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

★ பிளேடில் பல் கூடினால் வேகம் கூடும் என்று நினைக்காதீர்கள், வழவழப்புதான் கூடும். ரேகை ஓடும் திசையில் கட்டையைப் பிளக்க 24 பல் போதும். பிளைவுட்டுக்கும் மைக்கா ஒட்டிய பலகைக்கும் 60 பல் வேண்டும். இல்லையென்றால் ஓரம் பொரிந்துவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து மெஷின் வாங்கிவிட்டு, அதோடு வந்த பிளேடிலேயே இரண்டு வருடம் ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பெட்ரோலுக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காரை ஓட்டுவதற்குச் சமம் அது.

★ கீல் மாட்ட 35 மில்லிமீட்டர் துளை போடும் பிட்டின் முன்னோடி, துப்பாக்கி செய்பவர் ஒருவரின் மூளையில் உதித்தது. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் 1874-ல் காப்புரிமை பெற்றார். இந்த வகைப் பிட்டின் சிறப்பு, அடி தட்டையாக வரும். மாடுலர் கிச்சன் கதவில் கீலின் கிண்ணம் 12 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் கேட்கும், பலகையோ 18. சாதாரண பிட்டின் நீண்ட மூக்கு மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடும்.

★ அதே கீலை இறுக்கும்போது ஸ்க்ரூவின் தலை தேய்ந்து போகிறதா? தலையை உற்றுப் பாருங்கள். கூட்டல் குறிக்கு நடுநடுவே மெல்லிய நான்கு கோடுகள் இருந்தால் அது ஃபிலிப்ஸ் இல்லை, போசிடிரைவ். ஐரோப்பியக் கீல்களோடு வரும் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் இந்த ஜாதிதான். ‘பி-இசட் 2’ என்று எழுதிய பிட் கேட்டு வாங்குங்கள். சில பத்து ரூபாய்தான் ஆகும்.

★ ரூட்டர் பிட்டின் காம்பு 6 மில்லிமீட்டரிலும் கிடைக்கும், கால் அங்குலத்திலும் கிடைக்கும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கால் அங்குலப் பிடியில் 6-ஐ மாட்டி எவ்வளவு முறுக்கினாலும் அது சரியாகப் பிடிக்காது. ஓட்டத்தில் வழுக்கும், கழன்று பறக்கவும் செய்யும். பிட் அகலமாக ஆக வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் பலர் கவனிக்காத சங்கதி. சுற்று எண்ணிக்கை அதேதான் என்றாலும் அகலமான பிட்டின் விளிம்பு அதிக தூரம் ஓடுகிறது. வேகத்தைக் குறைக்கும் திருகு இல்லாத ட்ரிம்மரில் பெரிய பிட்டை மாட்டவே கூடாது.

★ இரண்டு பலகையை ஒட்டும் இடத்தில் பிஸ்கட் வைப்பார்கள். தின்கிற பிஸ்கட் இல்லை, பீச் மரத்தில் அழுத்திச் செய்த நீள்வட்டத் துண்டு. 1950-களில் சுவிட்சர்லாந்தின் ஹெர்மன் ஸ்டைனர் உருவாக்கியது. கம்பெனி பெயர் லமெல்லோ. பசையின் ஈரம் பட்டதும் துண்டு உப்பி, பள்ளத்தில் இறுகிக்கொள்ளும். ஈரத்தில் மரம் உப்புவது ஆசாரிக்கு எப்போதும் தலைவலி. இங்கே அதுவே வேலை செய்கிறது. இதன் பணக்காரத் தம்பி ஃபெஸ்டூலின் டொமினோ. அதன் பிட் சுற்றிக்கொண்டே பக்கவாட்டிலும் ஆடும். ஒரே குத்தில் நீள்சதுரத் துளை ரெடி. உலகெங்கும் மரவேலைக்காரர்களின் பட்டியலில் உச்சியில் நிற்பது இதுதான். விலை கேட்டவர்கள் பெரும்பாலும் பட்டியலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

★ மடித்து வைக்கும் ‘ஒர்க்மேட்’ மேசையை வடிவமைத்த ரான் ஹிக்மன், லோட்டஸ் எலான் காரை வடிவமைத்தவர். 1961-ல் நாற்காலி மேல் வைத்து மரம் அறுத்தபோது நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டார். அந்தச் சேதத்தில் பிறந்த யோசனை இது. சில டஜன் விற்றாலே அதிகம் என்று கருவி கம்பெனிகள் கையை விரித்தன. சொந்தமாகச் செய்து விற்றார். அது ஓடத் தொடங்கிய பிறகுதான் 1970-களின் தொடக்கத்தில் பிளாக் அண்ட் டெக்கர் தயாரிப்பில் இறங்கியது. ஒரு கோடிக்கும் மேல் விற்றது.

★ மரத்தூள் வெறும் குப்பை இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் அதை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆபத்து மூக்கிலும் அதை ஒட்டிய எலும்பு அறைகளிலும். கண்ணுக்குத் தெரியும் சீவல் அல்ல, சாண்டர் கிளப்பும் மாவுத் தூசிதான் உள்ளே போவது. கழுத்துத் துண்டை மூக்கில் கட்டினால் அந்தத் தூசி நிற்காது. துண்டே சுற்றும் பிட்டில் சிக்கி ஆளை இழுத்துவிடும் என்பது தனிக் கதை. கையுறையும் அப்படித்தான்: பலகை தூக்கும்போது போடுங்கள், மெஷினை ஓட்டும்போது கழற்றுங்கள்.

★ நாளுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் சத்தம் என்பதைக் காதுக்கு எல்லையாக அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 டெசிபலில் 15 நிமிடம். ரூட்டரும் அறுப்பு மெஷினும் அந்த எல்லையைச் சுலபமாகத் தொடுபவை. காதை மூடும் மஃப் ஒன்றின் விலை ஒரு நல்ல பிளேடின் விலைகூட இல்லை.

★ கிளாம்ப் எத்தனை வேண்டும்? இந்தக் கேள்விக்கு எந்த நாட்டு ஆசாரியைக் கேட்டாலும், ‘இருப்பதற்கு மேல் இன்னும் இரண்டு’ என்பார். பலகைகளை அகலவாக்கில் ஒட்டும்போது, ரேகைக்கு ரேகை நன்றாகப் பொருந்தி அழுத்தம் சரியாக விழுந்தால், பிறகு உடைத்துப் பார்த்தாலும் ஒட்டிய இடம் விடாது. பக்கத்து மரம்தான் பிளக்கும். அந்த அழுத்தத்தைத் தருவது கிளாம்ப். கையில் பணம் குறைவென்றால் பைப் கிளாம்பின் தலையை மட்டும் வாங்கிக்கொண்டு, பிளம்பிங் கடையில் மரை போட்ட ஜி.ஐ. பைப்பை வேண்டிய நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லலாம். 8 அடி மேசைப் பலகைக்கும் 3 அடி கதவுக்கும் அதே தலை, பைப் மட்டும் மாறும்.