மறுபடியும் தேர்தலா?

நம் ஊரில் தேர்தல் என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஒலிபெருக்கி அலறும், தோரணம் கட்டுவார்கள், வாசலில் வேட்பாளர் வந்து நின்று, "தாய்மார்களே!" என்று கும்பிடுவார். நான் குடியிருக்கும் லண்டன் பக்கத்தில் அந்த ஆரவாரம் ஒன்றும் கிடையாது. கதவில் இருக்கும் தபால் துவாரத்தின் வழியாக நாலு துண்டுக் காகிதம் விழும். ஜன்னல் கண்ணாடியில் யாராவது ஒரு அட்டையை ஒட்டி வைப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் 2017-ஆம் வருஷம் திடீரென்று வந்த பொதுத் தேர்தல் மட்டும் அப்படிச் சந்தடியில்லாமல் போகவில்லை. அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் சகோதரிகளுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 18-ஆம் தேதி, ஈஸ்டர் பண்டிகைக்கு மறுநாளைக்கு மறுநாள். பிரதம மந்திரி தெரேசா மே அம்மையார் தம் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, ஜூன் 8-ல் தேர்தல் என்று அறிவித்தார். அதற்கு முன் பல தடவை, "2020 வரை தேர்தல் கிடையாது" என்று சொன்னவரும் அவரேதான்! டெலிவிஷன்காரர்கள் உடனே தெருவில் போகிறவர்களிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். பிரிஸ்டல் நகரில் ஒரு வயதான அம்மாள், "விளையாடுகிறீர்களா? இன்னொன்றா?" என்று கேட்டு முகத்தைச் சுளித்தது நாடு முழுக்கப் பிரசித்தமாகிவிட்டது. அத்தனை பேர் மனசிலும் இருந்ததை அந்த அம்மாள் போட்டு உடைத்துவிட்டார்.

சலிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2015 மே மாதம் பொதுத் தேர்தல். 2016 மே மாதம் லண்டன் மேயர் தேர்தல். அடுத்த மாதமே ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, விலகுவதா என்று வாக்கெடுப்பு. அந்த வாக்கெடுப்பால் வீட்டுக்கு வீடு அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போன கதைகள் உண்டு. அந்தக் காயம் ஆறுவதற்குள் இது. இரண்டு வருஷத்துச் சொச்சத்தில் நாலாவது தடவை ஓட்டுச் சாவடிக்குப் போ என்றால் யாருக்குத்தான் சலிக்காது?

"நமக்கென்ன, நாம் வெளிநாட்டுக்காரர்கள்தானே" என்று நான் ஒதுங்க முடியாது. இது நம்மவர்கள் பலருக்குத் தெரியாத சமாசாரம். காமன்வெல்த் நாட்டுப் பிரஜைகள் முறையான விசாவில் இங்கே குடியிருந்தால், பெயரைப் பதிந்துகொண்டு பார்லிமெண்ட் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் போட்டோம். இலங்கைக்காரர்களுக்கும் உண்டு.

அதிலும் அப்போது எங்கள் தொகுதியாக இருந்த குரோய்டன் சென்ட்ரலில் ஒரு ஓட்டு என்பது லேசான விஷயமாக இருக்கவில்லை. 2015-ல் கன்ஸர்வேடிவ் கட்சியின் கேவின் பார்வெல் இங்கே ஜெயித்தது வெறும் 165 ஓட்டில். நம் ஊர் சின்னக் கல்யாண மண்டபத்தில் இரண்டு பந்தி! அந்த மனிதர் பிறகு, இழுபறித் தொகுதியில் ஜெயிப்பது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார். அதை எழுதின முகூர்த்தம் எப்படியோ, பின்னால் சொல்கிறேன்.

திடீர்த் தேர்தலுக்குக் காரணம் தேட ரொம்ப தூரம் போகவேண்டாம். எதிர்க்கட்சி படுத்துக் கிடந்தது. லேபர் கட்சித் தலைவர் ஜெரமி கார்பினை அவர் கட்சி எம்.பி.க்களே நம்பவில்லை. 2016 ஜூனில் அவர்மேல் நம்பிக்கை இல்லை என்று 172 பேர் ஓட்டுப் போட்டார்கள், நம்பிக்கை உண்டு என்றவர்கள் 40 பேர். ஆனால் கட்சியின் சாதாரண அங்கத்தினர்கள் செப்டம்பரில் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். மாமியாருக்குப் பிடிக்காத மருமகளைப் பிள்ளை விடமாட்டேன் என்கிற கதைதான். கருத்துக் கணிப்புகளில் ஆளும் கட்சி ஏறக்குறைய இருபது சதவிகிதம் முன்னால் இருந்தது. இதைவிட நல்ல நேரம் எப்போது வரும் என்று மே அம்மையார் நினைத்ததில் ஆச்சரியமில்லை. அப்போதைய சட்டப்படி முன்கூட்டியே தேர்தல் நடத்த மூன்றில் இரண்டு பங்கு எம்.பி.க்கள் சம்மதிக்க வேண்டும். எதிர்க்கட்சியும் சேர்ந்தே கையைத் தூக்கியது. ஆதரவு 522, எதிர்ப்பு 13. ஆடே கத்தியை எடுத்து நீட்டின மாதிரி இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

எனக்கு 2004 ஞாபகம் வந்தது. நம் நாட்டில் 'இந்தியா ஒளிர்கிறது' என்று விளம்பரம் செய்து, வாஜ்பாய் அரசு தேர்தலை முன்னால் தள்ளி வைத்துக்கொண்டதே, அதுதான். எதிரே சோனியா காந்திக்கு அரசியல் தெரியாது, பேச வராது என்றார்கள். கடைசியில் காங்கிரஸ் 145, பா.ஜ.க. 138. காரைக்குடியிலிருந்து போனில் பேசின அம்மாவிடம் இந்தத் தேர்தலைப் பற்றிச் சொன்னேன். "சமையல் ஆகுமுன்னே இலையைப் போட்டாச்சா?" என்றாள். அம்மாவுக்கு லண்டன் அரசியல் தெரியாது, ஆனால் பந்தி தெரியும்.

எங்கள் தெருவில் அப்போது யார் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதவேண்டும். எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, "அந்த மனுசன் நல்ல மனுசன்தான், ஆனா நாட்டை நடத்த ஏலுமோ எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். பள்ளிக்கூட வாசலில் குழந்தைகளுக்காகக் காத்திருக்கும் வெள்ளைக்காரத் தாய்மார்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். ஒருத்தி, "இந்தத் தடவை எனக்கு யாருமே இல்லை" என்றாள். அது என் மனசில் தைத்தது. எதிர்க்கட்சி நன்றாக இல்லையென்றால் ஆளும் கட்சிக்குத்தான் லாபம் என்று ஆண்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். நஷ்டம் ஓட்டுப் போடுகிறவளுக்கு அல்லவா? கடைத்தெருவில் ஒரே கடை இருந்தால் சொன்னதுதான் விலை.

மே 18-ஆம் தேதி ஆளும் கட்சியின் தேர்தல் அறிக்கை வந்தது. அங்கேதான் காற்று திரும்பியது என்பேன். ஜெயிப்பு நிச்சயம் என்ற தைரியத்தில், யாருக்கும் பிடிக்காத சங்கதிகளை எல்லாம் அதில் எழுதிவிட்டார்கள்.

முதலில் குழந்தைகளின் சாப்பாடு. 2014-லிருந்து இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புக் குழந்தைகள் எல்லோருக்கும் மத்தியானம் சூடான சாப்பாடு இலவசம். அதை எல்லோருக்கும் என்பதை நிறுத்திவிட்டு, பதிலாகக் காலைச் சிற்றுண்டி தருகிறோம் என்றார்கள். என் மகன் அப்போது முதல் வகுப்பு. காலையில் அவன் வாயில் ஒரு இட்லியைத் திணிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கும் பீன்ஸும் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவான். இல்லாவிட்டால் ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு பவுனுக்கு மேல் கட்டவேண்டும். இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் தமிழ்நாட்டில் மதிய உணவு போட்டு, 2022-ல் காலைச் சிற்றுண்டியையும் அதோடு சேர்த்தார்கள். இங்கே ஒன்றைக் காட்டி ஒன்றைப் பிடுங்கப் பார்த்தார்கள்! பக்கத்து வீட்டுப் பாட்டி, "இவர்களுக்கு இது பழக்கம்தான்" என்றாள். 1971-ல் மார்கரெட் தாட்சர் கல்வி மந்திரியாக இருந்தபோது ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுத்துவந்த பாலை நிறுத்தினார். பாட்டி அதை இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பாட்டியின் விஷயம்தான் இரண்டாவது. எண்பது வயதைத் தாண்டிய விதவை. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து, காலையும் மாலையும் ஒரு பெண் வந்து குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, மருந்து கொடுத்துவிட்டுப் போவாள். உள்ளூர் கவுன்சில் ஏற்பாடு. பாட்டியின் சேமிப்பு கொஞ்சம்தான், ஆகையால் பெரும்பாலான செலவு கவுன்சிலுடையது. குடியிருக்கிற வீட்டை அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். முதியோர் இல்லத்துக்குப் போனால்தான் வீட்டின் மதிப்பையும் கணக்கில் எடுப்பார்கள். புதிய திட்டத்தில், வீட்டிலேயே பராமரிப்புப் பெற்றாலும் வீட்டு மதிப்பும் சேரும். உயிரோடு இருக்கும்வரை விற்கவேண்டாம், இறந்த பிறகு வீட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள், ஒரு லட்சம் பவுன் மட்டும் குடும்பத்துக்கு மிஞ்சும். எவ்வளவு வரை எடுப்பார்கள் என்பதற்கு உச்சவரம்பு சொல்லவில்லை.

ஜனங்கள் இதற்கு 'டிமென்ஷியா வரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது என்று சொல்கிறேன். இங்கே புற்றுநோய் வந்தால் ஆஸ்பத்திரிச் சிகிச்சை முழுக்க இலவசம். ஆனால் ஞாபகம் மங்கி, சோறு ஊட்டவும் குளிப்பாட்டவும் ஆள் வேண்டியிருந்தால் அது பெரும்பாலும் வைத்தியத்தில் சேராது, 'பராமரிப்பு' என்று வேறு கணக்கு. அதாவது எந்த வியாதி வருகிறது என்பதைப் பொறுத்து வீடு மிஞ்சும், அல்லது மிஞ்சாது. வீட்டில் பெரியவர்களை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அநியாயம் உடனே விளங்கும்.

பாட்டி அந்த அறிக்கை வந்த அன்று என்னைக் கூப்பிட்டு, "காலையில் வருகிற பெண்ணை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டாள். மகளுக்கு என்று அவள் வைத்திருந்தது அந்த வீடு ஒன்றுதான். திட்டம் சட்டமாகக்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு கிழவி குளிக்காமல் இருக்க யோசிக்கிறாள்! நான் சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன், மனசு ஆறவில்லை. நாலே நாளில் மே அம்மையார் உச்சவரம்பு வைக்க யோசிக்கிறோம் என்று மாற்றிப் பேசினார். மாற்றினாரே, மாற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். "எதுவும் மாறவில்லை, எதுவும் மாறவில்லை" என்றார். தெருத் தெருவாக 'பலமான, நிலையான அரசு' என்று பேசியவர் வாயில் இது வந்ததும் ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த அம்மையார்மேல் எனக்கு மதிப்பு உண்டு, அதையும் சொல்லவேண்டும். ஐம்பது வயதுக்குமேல் முதல் வகை நீரிழிவு வந்து, தினமும் பல தடவை இன்சுலின் போட்டுக்கொண்டு ஒரு நாட்டை நடத்துவது லேசா? நூற்றுக்கு மேல் சமையல் புத்தகம் வைத்திருக்கிறாராம். ஆனால் மே 31-ல் தலைவர்கள் டெலிவிஷனில் விவாதித்தபோது அவர் வரவில்லை. பதிலாக மந்திரி ஆம்பர் ரட் வந்தார். தந்தை காலமாகி இரண்டே நாள், அந்தத் துக்கத்தோடு வந்து நின்றார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

எதிர்க்கட்சித் தலைவர் ஒன்றும் பெரிய சூரர் இல்லை. விவாதத்துக்கு முந்தின நாள்தான் ரேடியோவில் 'பெண்கள் நேரம்' நிகழ்ச்சிக்கு வந்தார். குழந்தைகளை இலவசமாகப் பார்த்துக்கொள்ளும் திட்டத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், காகிதத்தைப் புரட்டுகிறார், எதையோ தடவுகிறார், பதில் வரவில்லை! பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்ட எனக்கே வெட்கமாயிருந்தது. மளிகைக் கணக்கு சொல்லத் தெரியாமல் யாராவது கடைக்குப் போவார்களா? ஆனாலும் மனிதர் ஊர் ஊராகப் போனார், கூட்டம் கூடியது, கேட்கிறவர்களுக்கு நின்று பதில் சொன்னார். தோட்டம் போடுகிறவர், பழக்கூழ் காய்ச்சுகிறவர் என்ற பேரும் உண்டு. இளைஞர்கள் அவர் பக்கம் சாய்ந்தார்கள். பெயர் பதிய கடைசி நாளான மே 22 அன்று மட்டும் ஆறு லட்சம் பேருக்கு மேல் மனுப் போட்டார்கள்.

அதே இரவு மான்செஸ்டரில் பாட்டுக் கச்சேரி முடிந்து குழந்தைகள் வெளியே வரும்போது குண்டு வெடித்தது. 22 பேர் பலி. ஜூன் 3-ல் லண்டன் பாலத்தில் தாக்குதல். அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. பிரசாரம் நின்றது, மறுபடி நடந்தது.

ஜூன் 8, வியாழக்கிழமை. தேர்தலுக்கு இங்கே லீவு கிடையாது. ஆனால் ஓட்டுச் சாவடி பள்ளிக்கூடத்தில் என்றால் பள்ளிக்கு லீவு, தாய்மார்கள் பாடு திண்டாட்டம். மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். மையும் இல்லை, இயந்திரமும் இல்லை. நூலில் கட்டித் தொங்கும் குட்டிப் பென்சிலால் காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போடவேண்டும். யாருக்குப் போட்டேன் என்று இவரிடமே சொல்லவில்லை, உங்களிடம் சொல்வேனா?

இரவு பத்து மணிக்கு டெலிவிஷனில் கணிப்பு வந்தது. விடிவதற்குள் உறுதியாயிற்று. ஆளும் கட்சிக்கு 317, லேபருக்கு 262. பெரும்பான்மைக்கு 326 வேண்டும். கையில் இருந்த பெரும்பான்மையும் போய், வட அயர்லாந்துக் கட்சியின் பத்து எம்.பி.க்கள் தயவில் ஆட்சி நடத்தும்படி ஆயிற்று. எங்கள் தொகுதியில் புத்தகம் எழுதினவர் தோற்றார். லேபரின் சாரா ஜோன்ஸ் 5,652 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். லேபர்காரர்கள் ஏதோ ஆட்சியையே பிடித்துவிட்ட மாதிரி கொண்டாடினதைப் பார்க்கத்தான் வேடிக்கை. தோற்றதும் அவர்கள்தானே! 2019 டிசம்பரில் இன்னொரு தேர்தல் வந்தபோது அதே தலைவரின் கீழ் 202 இடத்துக்கு இறங்கினார்கள். ஜனங்கள் 2017-ல் அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டதைவிட, மறுதட்டில் கொஞ்சம் கல்லைப் போட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குழந்தைகள் சாப்பாட்டில் கை வைக்கும் யோசனை ஜூலை மாதத்துக்குள் கைவிடப்பட்டது. மகன் இரண்டாம் வகுப்பு முடியும்வரை சாப்பிட்டான். 2023 செப்டம்பரிலிருந்து லண்டன் மேயர் எல்லாத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குமே இலவசமாக்கினார்.

பக்கத்து வீட்டுப் பாட்டி 2019-ல் காலமானாள். கடைசி நாள்வரை அந்தப் பெண் வந்து குளிப்பாட்டினாள், வீடும் மகளுக்கே போயிற்று. பராமரிப்புச் செலவுக்கு 86,000 பவுன் உச்சவரம்பு என்று 2021-ல் ஒரு அரசு அறிவித்தது, 2024-ல் வந்த அரசு அதை ரத்து செய்தது. 2025-ல் கமிஷன் போட்டார்கள், கடைசி அறிக்கைக்கு 2028 வரை தவணை. எவ்வளவு சொத்துக்கு மேல் இருந்தால் செலவை நாமே முழுக்கக் கட்டவேண்டும் என்ற 23,250 பவுன் கோடு 2010-ல் போட்டது. 2025 வரை ஒரு காசு நகரவில்லை.