பண்ணை இல்லத்து மருந்தகம்

மருத்துவம் பயிலாத ஒருவர், அயல்நாட்டுக் குழந்தைகள் இல்லத்து மருந்தகத்திற்குச் சென்று என்ன தொண்டு செய்துவிட முடியும்? இத்தகைய பணிக்குச் செல்ல விழையும் பிள்ளைகளும், அனுப்பத் தயங்கும் பெற்றோரும் நம் குடும்பங்களில் உண்டு. ஆதலின், நடு அமெரிக்காவில் ஒந்துராஸ் நாட்டிலுள்ள இல்லமொன்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

அதன் வரலாறு மெக்சிகோவில் தொடங்குகிறது. 1954-ஆம் ஆண்டு, குவெர்னவாக்கா நகரில், ஆலய உண்டியலில் திருடிய சிறுவனொருவன் பிடிபட்டான். அவ்வாலயத்தின் குருவான அமெரிக்கர் வில்லியம் வாசன் அடிகளார், அவனைச் சிறைக்கு அனுப்ப மனமின்றி, நீதிபதியிடம் வேண்டித் தம் பொறுப்பில் ஏற்றார். ஒரு வாரத்திற்குள் அந்நீதிபதி மேலும் எட்டுச் சிறுவர்களை அவரிடமே அனுப்பிவிட்டாராம்! ‘எம் சிறு உடன்பிறப்புகள்’ எனப் பொருள்படும் ஸ்பானியப் பெயர்கொண்ட இயக்கம் இங்ஙனம் பிறந்தது. அடிகளார் 2006-இல் இறைவனடி சேர்ந்தார். ஒந்துராஸ் தலைநகர் தெகுசிகல்பாவுக்கு அப்பால், ‘ராஞ்சோ சாந்தா ஃபே’ என்னும் பண்ணையில் அமைந்த இல்லம் 1986-இல் தொடங்கியது. உடன்பிறந்தோரைப் பிரிக்கலாகாது என்பது அடிகளாரின் நெறி.

பண்ணைக்குள் மருந்தகம் உண்டு. சுற்றுக் கிராமத்தாரும் அங்கே மருத்துவம் பெற்றுள்ளனர். இத்தகைய மருந்தகத்தில் பெரிய நோய்களைவிடச் சிறிய தொல்லைகளே மிகுதி: பேன், குடற்புழு, வயிற்றுப்போக்கு, விளையாட்டில் பட்ட காயம், சொறி.

சொறியையே பாருங்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது அது. முதன்முறை தொற்றும்போது அரிப்புத் தோன்றச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பக்கத்துக் கட்டிலுக்கும் பரவியிருக்கும். ஆகவே, சொறிகிற பிள்ளைக்கு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. உறங்கும் கூடத்திலுள்ள அனைவருக்கும் ஒரே நாளில், கழுத்து முதல் உள்ளங்கால் வரை, விரலிடுக்கும் விடாமல், பெர்மெத்ரின் களிம்பு பூச வேண்டும். 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிப்பாட்ட வேண்டும். விரிப்புகளையும் உடைகளையும் வெந்நீரில் துவைத்து நன்கு உலர்த்த வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுமுறை பூச்சு. ஒரு பிள்ளை விடுபட்டாலும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்! மருத்துவர் இதற்கு ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதிவிடுவார். 30 பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவதோ தொண்டரின் வேலை.

எச்.ஐ.வி. கிருமியுடன் பிறந்த குழந்தைகளும் இவ்வில்லத்தில் வளர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு மருந்து ஒரு வேளையும் தவறலாகாது. தவறிக்கொண்டே போனால், கிருமி அம்மருந்துக்கு அடங்காததாகிவிடும். குறித்த நேரத்தில் மாத்திரையைக் கொடுத்து, விழுங்கும்வரை அருகிலிருந்து, ஏட்டில் குறியிடுவதற்குப் பட்டம் தேவையில்லை, மறவாமை தேவை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தாய்நாட்டில் தமக்கு அனுமதியில்லாத தையலையும் ஊசியையும் ஏழை நாட்டில் பழகிப் பார்க்கும் தொண்டர்கள் உண்டு. இதை நாம் தொண்டு எனக் கொள்ளோம். 2019-இல் ஒந்துராஸை டெங்கு கடுமையாகத் தாக்கிற்று. அத்தகைய காலத்தில் காய்ச்சலென்று ஒரு பிள்ளை வரும்போது, அறியாமல் ஆஸ்பிரின் கொடுத்தால் இரத்தக்கசிவை வரவழைத்ததாகும். செவிலியரை அழைப்பதே அங்கே தொண்டரின் கடமை.

இரண்டு வாரப் பயணங்களைப் பற்றியும் நமக்கு ஐயமுண்டு. பெற்றோரைப் பிரிந்த பிள்ளை புதியவரிடம் ஒட்டிக்கொள்வதற்குள் அவர் விமானமேறிவிடுவார். இவ்வியக்கம் தொண்டர்களிடம் ஏறக்குறைய ஓராண்டுப் பணியை எதிர்பார்த்து வந்தது இதனால்தான் போலும். ஸ்பானிய மொழியில் “எங்கே வலிக்கிறது?” என்று கேட்டு, பிள்ளையின் மறுமொழியைப் புரிந்துகொள்ளவே சில மாதங்கள் ஆகுமே!

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இத்தகைய இல்லத்திற்குப் புறப்பட்டால், பயணச்சீட்டு வாங்குமுன் சிலவற்றைக் கேளுங்கள். அங்கே பொறுப்பிலுள்ள மருத்துவரோ செவிலியரோ யார்? நன்னடத்தைச் சான்று கேட்டார்களா? கேளாத இல்லம் பிள்ளைகளைக் காக்கும் இல்லமன்று. கல்லீரல் அழற்சி ‘பி’ தடுப்பூசி 3 தவணையும் போட்டாயிற்றா? வழக்கமான முறையில் அதற்கே 6 மாதம் ஆகும். மொழி கற்பதையும் அந்த 6 மாதத்திலேயே தொடங்கிவிடலாம்.