குற்றவாளி எஞ்சின் அல்ல, டாங்கி!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தோட்டத்துத் திடலில் நல்ல கூட்டம். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் கம்பியில் கட்டிய மாதிரி விமானம் ஒன்றைப் பறக்கவிடப் போகிறான் என்று கேள்விப்பட்டு, பாட்டிமார்கள்கூட நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஈப்போவில் இருக்கும் அவனுடைய மாமா, தம் இளமையில் பறக்கவிட்ட எஞ்சினை மருமகனுக்குக் கொடுத்திருந்தார். இறக்கையும் உடலும் அவனே மூன்று மாதம் உட்கார்ந்து செய்தவை.

விமானம் எழும்பியது. நான்கு சுற்று அழகாகப் பறந்தது. ஐந்தாம் சுற்றில் சத்தம் கீச்சென்று உயர்ந்தது. அடுத்த நொடி எஞ்சின் நின்றது. கம்பி தளர்ந்தது. விமானம் தலைகுப்புற விழுந்து, ஓர் இறக்கை ஒடிந்தது.

"எஞ்சின் பழசுப்பா. புதுசு வாங்கினாத்தான் சரிப்படும்" என்றான் பையன், கண் கலங்க.

அவன் தகப்பனார் தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் பிடிப்பவர். புது எஞ்சின் வாங்கும் நிலையில் குடும்பம் இல்லை. அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "எஞ்சின்மேல கை வைக்காதே தம்பி. முதல்ல எண்ணெய் போற வழியைப் பாரு."

அனுபவசாலியின் பேச்சு அது! இந்த விமானங்களில் எஞ்சின் நின்றுபோகும்போது, பெரும்பாலும் கோளாறு எஞ்சினில் இருப்பதில்லை. டாங்கியிலும் அதன் குழாயிலும்தான் இருக்கிறது.

கம்பியே உயிர்

கண்ட்ரோல் லைன் என்று அழைக்கப்படும் இந்த விளையாட்டை 1940-ஆம் ஆண்டுவாக்கில் பரவச் செய்தவர், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரைச் சேர்ந்த ஜிம் வாக்கர். பறக்கவிடுபவர் வட்டத்தின் நடுவில் நிற்பார். கையில் ஒரு கைப்பிடி. அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் விமானத்துக்குப் போகும். கைப்பிடியைச் சாய்த்தால் வால்பகுதி அசைந்து, விமானம் ஏறும் அல்லது இறங்கும்.

கம்பி விறைப்பாக இருக்கும்வரைதான் விமானம் நம் சொல்லைக் கேட்கும். அந்த விறைப்பைத் தருவது வேகம். வேகத்தைத் தருவது எஞ்சின். தலைகீழாகப் பறக்கும்போதோ, தலைக்கு மேலே வட்டமடிக்கும்போதோ எஞ்சின் நின்றால், பல நாள் உழைப்பு ஒரு நொடியில் தூள்!

காதால் அறியுங்கள்

எண்ணெய் அதிகமாகப் போனால் எஞ்சின் புகை கக்கி, 'புடுபுடு' என்று தடித்த குரலில் ஓடும். குறைவாகப் போனால் குரல் உயர்ந்து கீச்சிடும்; சூடேறும்; பிறகு நிற்கும். குறைந்த எண்ணெயில் ஓடவிடுவது எஞ்சினுக்கே கேடு. எண்ணெயோடு கலந்து வரும் உயவெண்ணெயும் அல்லவா குறைந்துபோகிறது?

ஆகவே, கோளாறு எந்த நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள். அந்த நேரமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தரையிலேயே நின்றால்: சில துளி எண்ணெய் விட்டதும் உயிர்பெற்று உடனே அணைகிறதா? எண்ணெய் வந்து சேரவில்லை. குழாய் மடங்கியிருக்கலாம், டாங்கியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம், ஊசித் திருகில் தூசி இருக்கலாம். பேட்டரியைக் கழற்றியவுடன் நிற்கிறதா? குளோ பிளக் தேய்ந்திருக்கும், அல்லது எண்ணெய் அளவுக்கு மீறிப் போகும்.

பறந்ததும் கீச்சிட்டால்: தண்ணீர் வாளியைக் கையில் பிடித்துச் சுழற்றினால் தண்ணீர் வெளிப்பக்கம் ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வட்டமாகப் பறக்கும் விமானத்திலும் அப்படித்தான். டாங்கி, எஞ்சினின் ஊசித் திருகைவிட வட்டத்தின் வெளிப்பக்கம் தள்ளியிருந்தால், எண்ணெய் எதிர்த்து உள்ளே வரவேண்டும். போதிய அளவு வராது. புல்வெட்டும் மெஷினில் எண்ணெய் இழுக்கும் குழாயின் நுனியில் கனமான குண்டு ஒன்று இருக்கும். எண்ணெய் எங்கே போகிறதோ அங்கே அது போகும். இந்த விமானத்தில் பெரும்பாலும் குழாய் அசையாமல் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதன் நுனி டாங்கியின் வெளிப்பக்கப் பின்மூலையில் இருக்கவேண்டும். இடம் மாறினால், டாங்கியில் எண்ணெய் மிச்சம் இருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும்.

நேராக ஒரு வேகம், தலைகீழாக வேறு வேகம் என்றால்: டாங்கியின் உயரம் சரியில்லை. கடிகாரத்தை வைத்து இரண்டு நிலையிலும் சுற்றுகளை அளந்து பாருங்கள். தலைகீழாகப் பறக்கையில் வேகம் கூடினால் டாங்கியைச் சிறிது கீழே இறக்குங்கள். நேராகப் பறக்கையில் வேகம் கூடினால் மேலே ஏற்றுங்கள். மெல்லிய பலகைத் துண்டு ஒன்றை வைத்தாலே போதும்.

போகப்போக வேகம் கூடினால்: சாதாரண டாங்கியில் எண்ணெய் குறையக் குறைய அழுத்தமும் குறையும். இதற்குத்தான் யூனிஃப்ளோ டாங்கி. காற்று வரும் குழாயின் உள்நுனியை, எண்ணெய் இழுக்கும் நுனியின் அருகிலேயே அதில் வைத்திருப்பார்கள். அதனால் கடைசிவரை ஒரே சீராக ஓடும். எண்ணெய் நிரப்பியபின் மற்றொரு துளையை மூடியால் அடைக்க மறந்தால் பயன் இல்லை!

விட்டுவிட்டு ஓடினால்: அதிர்வினால் எண்ணெய் நுரைத்துக் குமிழி கட்டுகிறது. எஞ்சின் திருகாணிகளை இறுக்குங்கள். புரொப்பெல்லர் இரண்டு பக்கமும் ஒரே எடையாக இருக்கிறதா என்று பாருங்கள். டாங்கிக்கு அடியில் பஞ்சு ரப்பர்த் துண்டு ஒன்றை வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றிப் பறக்கவிட்டுப் பார்த்தபின் அடுத்தது. அப்போதுதான் குணமானது எதனால் என்று தெரியும்.

எண்ணெயிலும் கவனம்

குளோ பிளக் 1947-இல் ரே ஆர்டன் என்பவரால் விற்பனைக்கு வந்தது. அதிலுள்ள பிளாட்டினக் கம்பி, மெத்தனால் ஆவி படும்போது கனன்றுகொண்டே இருக்கும். பெட்ரோலுக்கு அந்தக் குணம் இல்லை. மோட்டார் சைக்கிள் பெட்ரோலை ஊற்றிப் பார்க்க வேண்டாம். சாதாரண எஞ்சின் ஆயிலும் மெத்தனாலோடு கலக்காது. அதோடு கலப்பது, பாட்டி நம் வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெய்தான்! வீட்டில் கலக்க முயலாமல், கடையில் தயாராக விற்பதையே வாங்குங்கள். மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நம் நாட்டுப் புழுக்கத்தில் மூடியைத் திறந்து வைத்தால் எண்ணெய் கெட்டுவிடும்.

பெற்றோர்களே, இதைக் கட்டாயம் படியுங்கள். மெத்தனால் கொடிய விஷம். சிறிதளவு உள்ளே போனாலும் கண் பார்வை போகும், உயிரும் போகும். மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 2018-இல் சிலாங்கூரில் பலர் மாண்டதை மறக்க முடியுமா? ஆகவே இந்த எண்ணெயைப் பானப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. பூட்டி வையுங்கள். மெத்தனால் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது. அடுப்பின் அருகே கொண்டுபோகாதீர்கள். மின்சாரக் கம்பிக்கு அருகிலும், இடி முழங்கும் நேரத்திலும் பறக்கவிடவே கூடாது; கையில் இருப்பது உலோகக் கம்பி! சுழலும் புரொப்பெல்லருக்கு விரல் என்றும் குச்சி என்றும் வேறுபாடு தெரியாது.

பக்கத்து வீட்டில் நடந்தது

அன்று இரவு தகப்பனாரும் மகனும் டாங்கியைக் குழாயோடு கழற்றிக் கழுவினார்கள். மற்ற வாய்களை விரலால் அடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சினால் காற்றைச் செலுத்தினார்கள். விஷம் என்பதால் வாயால் ஊதவில்லை. பித்தளைக் குழாயில் ரப்பர்க் குழாய் மாட்டும் இடத்தில் 'குமுகுமு' என்று குமிழிகள்! பித்தளையின் கூர்மையான விளிம்பு ரப்பரைக் கீறியிருந்தது. அந்தக் கீறல் வழியே எஞ்சின் எண்ணெயோடு காற்றையும் இழுத்திருக்கிறது.

விளிம்பை அரத்தால் தேய்த்தார்கள். ரப்பர்க் குழாயில் அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி மாட்டினார்கள். செலவு ஒரு காசும் இல்லை. இறக்கையை ஒட்டிக் காயவைக்கத்தான் ஒரு வாரம் பிடித்தது.

மறு ஞாயிறு, டாங்கி காலியாகும்வரை விமானம் பறந்து தானாக இறங்கியது. பையன் கைப்பிடியைத் தகப்பனார் கையில் கொடுத்து, "அடுத்தது நீங்க விடுங்கப்பா" என்றான். மூன்று சுற்றில் அவருக்குத் தலை சுற்றியது. ஆனாலும் கைப்பிடியை விடவில்லை!