கழுத்தைத் திருப்ப மறுக்கும் பிள்ளை

பிள்ளைகளுக்குச் சளியும் காய்ச்சலும் வருவது எந்த வீட்டிலும் நடக்கிற காரியமே. ஆனால் காய்ச்சல் தணியாமல், பிள்ளை கழுத்தைத் திருப்ப மறுத்து, எச்சிலையும் விழுங்க மாட்டாமல் ஒழுகவிடுமானால், அதைச் சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்த்துக் காத்திருக்கலாகாது. தொண்டைக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கக்கூடும்.

இந்த வியாதி சிறு பிள்ளைகளையே அதிகமாய்ப் பிடிப்பது ஏன்? தொண்டையின் பின்சுவருக்கும் முதுகெலும்புக்கும் நடுவே ஒரு குறுகிய இடைவெளி உண்டு. அங்கே சிறு நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. ஏறக்குறைய ஐந்து வயதில் அவை பெரும்பாலும் சுருங்கிப்போகும். அதற்குமுன் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள கிருமிகள் அவற்றில் தங்கிச் சீழாகலாம். வளர்ந்த பிள்ளைகளுக்கு மீன்முள் குத்திய காயத்தாலும் இது வரும். முதுகெலும்பைத் தாக்கும் காசநோயும் அதே இடத்தில் மெல்ல மெல்லச் சீழைச் சேர்க்கும். சீழ் பெருகினால் மூச்சுவழியை நெருக்கும், மார்புக்குள்ளும் இறங்கும்.

உள்ளே இருப்பதை வெளியே இருந்து அறிவது எப்படி? 1895-ல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரே இன்றும் முதற்படியாய் உதவுகிறது. கழுத்தைப் பக்கவாட்டில் படமெடுத்து, முதுகெலும்புக்கு முன்னுள்ள சதையின் நிழலை அளக்கிறார்கள். இரண்டாம் கழுத்தெலும்பின் எதிரே 7 மில்லிமீட்டருக்கும், ஆறாம் எலும்பின் எதிரே 14 மில்லிமீட்டருக்கும் மேற்பட்டால் சந்தேகம் எழும். ஆனால் பிள்ளை அழுதாலும், கழுத்தைக் குனிந்தாலும், மூச்சை வெளியே விட்டாலும் அந்த நிழல் பொய்யாய்ப் பெருத்துத் தோன்றும். ஆகையால் படத்தை மறுபடியும் எடுக்கவேண்டும் என்றால் சலித்துக்கொள்ளாதிருங்கள்.

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை. கழுத்தின் மேற்புறத்து வீக்கம் வெறும் முடிச்சா, சீழா என்று அது காட்டும். தொண்டைக்குப் பின்னுள்ள ஆழத்தைக் காண்பது அதற்குக் கடினம். அங்கேதான் சி.டி. ஸ்கேன் தேவைப்படுகிறது. ஹவுன்ஸ்ஃபீல்டின் முயற்சியால் 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட இப்படம், 1979-ல் அவருக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசு பெற்றுத்தந்தது. இரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும்போது, சீழ் கருமையாகவும் அதன் ஓரம் வெண்வளையமாகவும் தெரியும். பெரிய இரத்தக்குழாய்கள் எவ்வளவு அருகில் உள்ளன என்பதையும் அறுவை மருத்துவர் அறிந்துகொள்வார்.

சி.டி.யும் சில வேளை தவறும். படத்தில் சீழ்போல் தெரிந்தது, திறந்து பார்க்கையில் வீக்கமாகவே இருப்பதுண்டு. ஆகவே கட்டி சிறிதாயிருந்து மூச்சுக்கு இடையூறு இல்லாவிட்டால், மருத்துவர் ஒன்றிரண்டு நாள் கிருமிக்கொல்லி ஊசி போட்டுக் கவனிக்கக்கூடும். அது அசட்டை அல்ல. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் நெடுநேரம் அசையாதிருக்கவேண்டும் என்பதால் சிறு பிள்ளைக்கு மயக்கமருந்து தேவைப்படலாம்.

கதிர்வீச்சுக்குப் பயந்து அவசியமான படத்தை மறுக்காதீர்கள். "பிள்ளையின் உடலுக்கேற்ற குறைந்த அளவில்தான் எடுக்கிறீர்களா?" என்று பணிவாய்க் கேளுங்கள். பிள்ளைக்கு எந்த மருந்து ஒவ்வாது, சிறுநீரகக் கோளாறு உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பவற்றை மறவாமல் சொல்லுங்கள். கர்ப்பிணியான தாய் படமெடுக்கும் அறைக்குள் நிற்கவேண்டாம். எடுத்த படங்களைப் பத்திரப்படுத்தி, அடுத்த மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லுங்கள்.

கொல்லங்கோட்டிலும் நெல்லியாம்பதி மலையடிவாரத்திலும் பெற்றோரை விட்டுவந்து பட்டணத்தில் பிழைக்கிறவர்களே, விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே அனுப்பும்போது தாத்தா பாட்டிக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அருகிலுள்ள மருத்துவர் முதலில் பார்க்கட்டும். சந்தேகம் என்று அவர் சொன்னால், ஸ்கேனும் காது மூக்கு தொண்டை நிபுணரும் உள்ள இடத்துக்கு, பாலக்காட்டுக்கோ திருச்சூருக்கோ கோயம்புத்தூருக்கோ, அன்றைக்கே புறப்படவேண்டும்.

மூச்சிழுக்கும்போது சத்தம் கேட்டாலோ, விலாவின் இடைவெளி உள்வாங்கினாலோ பொழுது விடியக் காத்திராதீர்கள், 108-ஐ அழையுங்கள். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைக்காமல், அதற்கு இதமான நிலையில் மடியில் உட்காரவைத்துக் கொண்டுசெல்லுங்கள். மூச்சுவழியைக் காப்பதே முதற்காரியம். படமெடுப்பது அதற்குப் பின்புதான்.