கேஸ் போடும் முன் காது கொடுங்கள்

காரின் ஏசி வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போடுகிறது என்று போனால், பல பட்டறைகளில் பானெட்டைத் திறந்து குழாயைத் தொட்டுப் பார்த்ததும் வரும் பதில், “கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டுடலாம்” என்பதுதான். கேஸ் குறைவதால் எழும் சத்தமும் உண்டு. ஆனால் அது பல வகைகளில் ஒன்று. எந்த வகை என்று பிரிப்பதற்கு மீட்டர் மாட்டும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி, சத்தம் எப்போது வருகிறது என்பது. எங்கிருந்து வருகிறது என்றுதான் பலரும் முதலில் தேடுகிறார்கள். தகரமும் பிளாஸ்டிக்கும் ஒலியைக் கடத்துவதால், இன்ஜின் பக்கம் இருக்கும் கம்ப்ரசரின் முனகல் டேஷ்போர்டுக்குள்ளே கேட்கும். இடம் ஏமாற்றும், நேரம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

காரணம், ஏசியின் உறுப்புகள் எல்லாம் ஒரே விசையில் ஓடுவதில்லை. காற்றைத் தள்ளும் ப்ளோயர் பேட்டரி மின்சாரத்தில் சுழல்கிறது; இன்ஜினோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை. இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, ஃபேனை ஒவ்வொரு படியாகக் கூட்டும்போது சத்தமும் கூடவே ஏறினால் பழுது ப்ளோயர் பக்கம். மரத்தடியில் நிற்கும் வண்டி என்றால், முன்கண்ணாடியின் கீழ் உள்ள துவாரம் வழியே சருகு நுழைந்திருக்கலாம். எலி கூடு கட்டியிருந்தாலும் வியப்பில்லை. பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை உருவிப் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். பெட்ரோல், டீசல் கார்களில் கம்ப்ரசரின் கதை வேறு. அதைச் சுழற்றுவது இன்ஜினின் பெல்ட். கிளட்ச் உள்ள கம்ப்ரசரில், ஏசி அணைந்திருந்தாலும் இன்ஜின் ஓடும்வரை புல்லி சுழன்றுகொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் தண்டு கிளட்ச் பிடித்தால்தான் சுழலும். ஆகவே ஏசியை அணைத்த பிறகும் உறுமல் நிற்கவில்லை என்றால் புல்லியின் பேரிங்கையும், அதே பெல்ட்டில் ஓடும் மற்ற பேரிங்குகளையும் பார்க்க வேண்டும். ஏசி போட்டால் மட்டும் கடகடவென்றால் கிளட்ச்சையோ கம்ப்ரசரின் உள்பாகத்தையோ சந்தேகிக்கலாம். போட்ட கணத்தில் கிறீச்சிட்டு அடங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், தேய்ந்திருக்கலாம். புதிய கார்கள் சிலவற்றில் கிளட்ச்சே கிடையாது, தண்டு எப்போதும் சுழலும். அங்கே இந்தச் சோதனை முழு விடை தராது.

கேஸின் குரல் உறுமல் அல்ல, சீறல். டேஷ்போர்டுக்குப் பின்னால் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே திரவ நிலையில் உள்ள கேஸ் பாயும்போது லேசாகச் சீறுவது இயல்பு. வண்டியை அணைத்தபின் சில நொடிகள் கேட்கும் ‘புஸ்’ஸும் இரு பக்க அழுத்தமும் சமமாவதன் ஒலிதான். கேஸ் குறைந்தால் திரவத்தோடு ஆவியும் கலந்து வால்வுக்கு வரும். சீறல் பலக்கும், கூலிங்கும் குறையும். ஆனால் கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிவருகிறது. ரப்பர் குழாய், சீல் வழியே பல ஆண்டுகளில் சிறிது கசியும் என்பது உண்மை. கோடைதோறும் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெயும் அந்தக் கேஸோடுதான் சுற்றுகிறது. கேஸ் குறைந்தபடியே ஓட்டினால் எண்ணெய் திரும்பி வருவது குறைந்து, உலோகம் உலோகத்தோடு உரசும். உதிரும் துகள் கண்டென்சர் வரை பரவிவிட்டால், கம்ப்ரசரை மட்டும் மாற்றி மீள முடியாது.

“செலவு குறைவுதானே, முதலில் கேஸைப் போட்டுப் பார்த்தால் என்ன?” என்று கேட்கலாம். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அளக்காமல் மேலே ஏற்றினால் அளவு மீறலாம். அழுத்தம் ஏறிக் கம்ப்ரசர் திணறும், இல்லாத சத்தமும் புதிதாக வரும். ஓட்டையை விட்டுவிட்டு ஏற்றியது காற்றில்தான் போகும். பல கார்களில் உள்ள ஆர்-134ஏ வாயு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 1,300 மடங்குக்குக் குறையாமல் புவியைச் சூடாக்கக்கூடியது. இவ்வகை வாயுக்களைக் குறைப்பதற்கான 2016ஆம் ஆண்டின் கிகாலி ஒப்பந்தத் திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. இன்னொரு மறுப்பும் உண்டு: அனுபவமுள்ள மெக்கானிக் காதாலேயே சொல்லிவிடுவாரே? சொல்வார்தான், சத்தம் அவர் முன்னால் வந்தால். காலை நெரிசலில் மட்டும் வரும் சத்தம் பட்டறைக்கு வந்ததும் ஒளிந்துகொள்வது அபூர்வமல்ல. அதைக் கேட்ட சாட்சி ஓட்டுநர் ஒருவரே. ஸ்கேனரும் சென்சார் உள்ள இடத்தைத்தான் படிக்கும். சருகுக்கு சென்சார் இல்லை.

குளிரைக் கூட்டிக் குறைக்கும்போது டேஷ்போர்டுக்குள் ‘டக் டக்’ என்றால், காற்றின் வழியைத் திருப்பும் மடலை இயக்கும் சிறு மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கக்கூடும். வளைவில் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் வடிகுழாய் அடைத்திருக்கலாம். மின்சாரக் காரில் மட்டும் பானெட்டுக்குள் கைவைக்க வேண்டாம்: அங்கே கம்ப்ரசர் உயர் அழுத்த மின்சாரத்தில் ஓடுகிறது, அதற்கான எண்ணெயும் வேறு.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது, இன்ஜின் ஓடும்போதா, ஏசி போட்டாலா, ஃபேனைக் கூட்டினாலா என்று மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். அதன் பிறகும் கேஸ்தான் குறை என்றால், வண்டியிலிருந்து எத்தனை கிராம் வெளியே எடுத்தார்கள், எத்தனை கிராம் உள்ளே ஏற்றினார்கள் என்று கேளுங்கள். ஏற்ற வேண்டிய அளவு பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும்.